லிப்ரம் 5, பைன்போன்: சுவிட்ச், மோடம், தூக்கம் – புழங்குவோர் குறிப்புகள்

திரியின் தொடக்கம்

லினக்ஸில் ஓடும் லிப்ரம் 5 போன் எதுவரை வந்திருக்கிறது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கையில் கிடைக்கும் தேதியைத்தான் கேட்கிறார்கள். அந்தக் கதை சுருக்கமானது. 2017 ஆகஸ்டில் பியூரிசம் நிறுவனம் 15 லட்சம் டாலர் இலக்கு வைத்து மக்களிடம் முன்பணம் திரட்டியது. போன் விலை 599 டாலர், 2019 ஜனவரியில் தருவதாகப் பேச்சு. ஆஸ்பென், பர்ச், செஸ்ட்நட், டாக்வுட் என்று சிறு சிறு தொகுதிகள் கடந்து, எவர்கிரீன் என்ற பெருந்தொகுதி கிளம்பியதே 2020 நவம்பரில்தான். தாமதத்தைத் திட்ட வேறு இடம் உண்டு, இங்கே வேண்டாம்.

எது ஓடுகிறது, எது இடறுகிறது, ஏன் இடறுகிறது என்பதை மட்டும் எழுதுங்கள். எந்தத் தொகுதி, எந்த மோடம், லிப்ரமின் இயங்குதளமான பியூர்ஓஎஸ்ஸில் எந்தப் பதிப்பு (பைசான்டியமா, கிரிம்சனா) என்பதையும் சேர்த்துப் போடுங்கள். ‘நல்லா ஓடுது’ என்ற ஒற்றை வரியால் யாருக்கும் பயனில்லை.

முதலில் பேட்டரி. எவர்கிரீனில் 4500 எம்ஏஎச். ஆனால் சஸ்பெண்ட் (போனை ஆழ்ந்த தூக்கத்தில் வைப்பது) இல்லாமல் சும்மா கிடந்தாலே அரை நாளில் காலியாகும். குற்றம் பேட்டரியுடையது அல்ல. உள்ளே இருப்பது என்எக்ஸ்பியின் ஐ.எம்எக்ஸ் 8எம் குவாட்: 28 நானோமீட்டர், நான்கு கார்டெக்ஸ் ஏ53 கோர்கள். போனுக்கென்று வடித்த சிப் அல்ல, தொழிற்சாலைக் கருவிகளுக்கும் ஊடகப் பெட்டிகளுக்கும் போவது. அதைத் தேர்ந்ததற்குக் காரணம் இரண்டு. கிராபிக்ஸுக்கு எட்னாவிவ் என்ற திறந்த டிரைவர் இருக்கிறது. சிப்புக்குள் செல்லுலார் மோடம் இல்லை, எனவே மோடத்தைத் தனி அட்டையாக வைத்து யூஎஸ்பி வழியே மட்டும் பேசவிடலாம், முதன்மை நினைவகத்தை அது தொட முடியாது. தனியுரிமைக் கணக்கில் இது பெரிய வரவு. அதற்கான செலவு முழுவதும் பேட்டரிக் கணக்கில் எழுதப்படுகிறது.

மறுமொழி 1

அந்தச் செலவை எங்கெல்லாம் குறைத்தார்கள் என்பதுதான் இந்தப் போனின் உண்மையான வளர்ச்சி வரலாறு. திரையில் ஒன்றும் தெரியாது, கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) மாற்றப் பட்டியலில்தான் தெரியும்.

நினைவகத்தின் வேகம் ஒரு நல்ல உதாரணம். எல்பிடிடிஆர்4 வகை நினைவகம் எப்போதும் 800 மெகாஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருந்தால், போன் சும்மா இருக்கும்போதும் சூடு குறையாது. வேலை இல்லாதபோது அதை 25 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கும் டிரைவர் வந்த பிறகுதான் ஒரு நிதானம் வந்தது. ஆனால் இறங்குவதற்கு எல்லாக் கருவிகளும் சம்மதிக்க வேண்டும். ஒரு டிரைவர் ‘எனக்கு நினைவக வேகம் வேண்டும்’ என்று பிடித்து வைத்தால் போதும், மேலேயே நின்றுவிடும். ‘திடீரென்று பேட்டரி வேகமாக இறங்குகிறது’ என்பவர்கள் டெவ்ஃபிரீக் கோப்பில் (கெர்னல் இந்த வேகத்தைக் காட்டும் இடம்) தற்போதைய வேகத்தைப் பாருங்கள். திரை அணைந்தும் 800-லேயே நின்றால் ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கிறது. கேமரா செயலியைச் சரியாக மூடாமல் விட்டதா என்பதிலிருந்து தொடங்கலாம்.

சஸ்பெண்ட் வந்ததும் நிலைமை மாறியது, ஆனால் அதற்கும் ஒரு விலை. தூங்கும் போனை அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் மோடம் வழியாக எழுப்பும். மேட்ரிக்ஸ், எக்ஸ்எம்பிபி போன்ற இணையச் செய்திகள் எழுப்பாது, போன் விழிக்கும்போது மொத்தமாக வந்து கொட்டும். கூகுள் போல இடையில் உட்கார்ந்து தட்டி எழுப்ப யாரும் இல்லை என்பதுதான் இந்தப் போனை வாங்குவதன் நோக்கமே. ஆகவே இதைப் பிழை என்று பதியாதீர்கள்.

மறுமொழி 2

சுவிட்சுகள் பற்றி நிறையத் தவறான புரிதல் இருக்கிறது. லிப்ரம் 5-ன் பக்கவாட்டில் மூன்று: செல்லுலார், வைஃபை-புளூடூத், கேமரா-மைக். மூன்றும் மென்பொருளைக் கேட்காமல் மின்சாரத்தையே வெட்டுபவை.

பலர் தவறவிடுவது ஜிபிஎஸ். லிப்ரம் 5-ல் ஜிபிஎஸ் மோடத்துக்குள் இல்லை, டெசியோ என்ற தனிச் சிப். எனவே செல்லுலார் சுவிட்சை அணைத்தால் ஜிபிஎஸ் அணையாது. மூன்றையும் சேர்த்து அணைத்தால்தான் லாக்டவுன்: அப்போது ஜிபிஎஸ், முடுக்க உணரி, வெளிச்ச உணரி, அருகாமை உணரி எல்லாம் சேர்ந்து போகும். அந்த நிலையில் திரை சுழலவில்லை, வெளிச்சம் தானாக மாறவில்லை என்று புகார் சொல்லக் கூடாது.

இன்னொரு லினக்ஸ் போனான பைன்போனில் கதை வேறு. ஜிபிஎஸ் மோடத்துக்குள்ளேயே இருக்கிறது, மோடம் போனால் அதுவும் போகும். சுவிட்ச் ஆறு, பின்மூடிக்குள். 1 மோடம், 2 வைஃபை-புளூடூத், 3 மைக், 4 பின் கேமரா, 5 முன் கேமரா, 6 ஹெட்போன். பல்குத்தும் குச்சியால் தள்ளுங்கள், ஊசி வேண்டாம். ஆறாவதை அணைத்தால் ஹெட்போன் துளை சீரியல் போர்ட்டாக மாறும், வேகம் 115200. போன் பூட் ஆகாமல் கருப்புத் திரையோடு நிற்கும்போது எங்கே நிற்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. கேபிள் 3.3 வோல்ட் ஆக இருக்கட்டும், 5 வோல்ட் கேபிள் போட்டால் போனுக்கு ஆபத்து.

மறுமொழி 3

லிப்ரம் 5-ஐ மறுபடி ஃபிளாஷ் செய்வதில் (இயங்குதளத்தைப் புதிதாக ஏற்றுவதில்) வரிசை தப்பினால் எதுவும் நடக்காது, அதனால் வரிசையாகவே சொல்லிவிடலாம்.

போனை அணைத்து, மூன்று சுவிட்சையும் ஆஃப் பக்கம் தள்ளி, பேட்டரியைக் கழற்றுங்கள். ஒலி கூட்டும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கணினியிலிருந்து வரும் யூஎஸ்பி-சி கேபிளைச் செருகுங்கள். சிவப்பு விளக்கு மினுக்கும், பச்சை எரியக் கூடாது. பச்சை எரிந்தால் பொத்தானை விட்டுவிட்டீர்கள், முதலிலிருந்து தொடங்குங்கள். பொத்தானை விடாமலே பேட்டரியைப் போட்டால் சிவப்பு நிலையாக எரியும். இனி கணினியில் ஃபிளாஷ் ஸ்கிரிப்டை ஓட்டலாம். வட்டு மறையாக்கத்துடன் வேண்டுமென்றால் லக்ஸ் வகைப் படிமத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஸ்கிரிப்ட் ‘தெரிந்த யூஎஸ்பி கருவிக்காகக் காத்திருக்கிறேன்’ என்ற வரியிலேயே நின்றால் போன் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். கணினியில் யூடெவ் விதி போடாததால் சாதாரணப் பயனருக்கு அந்தக் கருவியைத் தொட அனுமதி இல்லாமல் இருக்கும். அது சரியாக இருந்தும் நின்றால் ஹப்பை விலக்கி நேரடி போர்ட்டில், முடிந்தால் யூஎஸ்பி 2 போர்ட்டில் போடுங்கள்.

முடிந்ததும் கடவுச்சொல் 123456, முதல் வேலையாக மாற்றுங்கள். போனின் திரை இடைமுகமான ஃபோஷின் பழைய பதிப்புகளின் பூட்டுத் திரையில் எண் பலகை மட்டுமே வரும். எழுத்து கலந்த கடவுச்சொல் வைத்துவிட்டு உள்ளே போக முடியாமல் நிற்காதீர்கள்.

இன்னொன்று. பேட்டரியைக் கழற்றியதால் அளவுமானி கற்றுவைத்ததை மறந்திருக்கும். ஒரு முழுச் சுற்று ஏற்றி இறக்கும் வரை திரையில் வரும் சதவீதத்தை நம்ப வேண்டாம்.

மறுமொழி 4

மோடம். அமெரிக்காவில் 2022-ல் ஏடி அண்ட் டி, டி-மொபைல், வெரைசன் மூன்றும் 3ஜியை மூடிய பிறகு, 4ஜி வழியே குரல் போகும் வோல்ட்டி இல்லாத போனில் டேட்டா மட்டும்தான் மிச்சம். நம் ஊரில் ஜியோ சிம் போட நினைப்பவர்களுக்கும் இதே கதைதான். ஜியோவில் 2ஜி, 3ஜி தொடக்கத்திலிருந்தே கிடையாது.

பைன்போனில் இருப்பது குவெக்டெல் இஜி25-ஜி. ஆபரேட்டருக்கு ஒன்றாக எம்பிஎன் என்ற அமைப்புக் கோப்புகள் மோடத்துக்குள்ளேயே இருக்கும், சிம்மைப் பார்த்துத் தானாகத் தேர்ந்துகொள்ளும். நம் ஆபரேட்டர் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால் பொருந்தாத ஒன்றில் போய் நிற்கும். டேட்டா ஓடும், அழைப்பு உடனே துண்டாகும். செய்ய வேண்டியது: மோடத்தை நிர்வகிக்கும் மோடம் மேனேஜர் என்ற சேவையை நிறுத்தி, மோடத்தின் சீரியல் போர்ட்டில் (வழக்கமாக ttyUSB2) நேரடியாக நுழையுங்கள். தானியங்கித் தேர்வை அணைத்து, இருக்கும் அமைப்பைச் செயலிழக்கச் செய்து, ‘ரோ ஜெனரிக் 3ஜிபிபி’ என்ற பொது அமைப்பைத் தேர்ந்து, வோல்ட்டிக்குத் தேவையான ஐஎம்எஸ் அமைப்பை 1 ஆக்கி, மோடத்தை மறுதொடக்கம் செய்யுங்கள். மோடம் மேனேஜரை நிறுத்தாமல் நுழைந்தால் இரண்டு பேரும் ஒரே போர்ட்டில் பேசி, பாதிப் பதில் அங்கேயும் பாதி இங்கேயும் வரும். கட்டளை தவறு என்று நினைத்து நேரம் வீணாகும்.

இந்த மோடத்துக்குள் தனியாக ஒரு லினக்ஸ் ஓடுகிறது என்பது கூடுதல் வேடிக்கை. அந்தப் பகுதிக்குச் சமூகம் எழுதிய திறந்த ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) இருக்கிறது. ரேடியோவை இயக்கும் மையப் பகுதி மட்டும் இன்னும் மூடியதுதான்.

மறுமொழி 5

பைன்போனைப் புதிதாக எடுப்பவர்களுக்கு: நானோ சிம்மைப் பைன்போனில் அடாப்டர் இல்லாமல் தள்ளாதீர்கள், அது மைக்ரோ சிம் துளை. காலி அடாப்டரை மட்டும் செருகி இழுத்தால் தொடர்பு ஊசிகள் அதில் மாட்டி வளையும். புதுப் போன் ஆன் ஆகவில்லை என்றால் பேட்டரித் தொடர்பின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலத்தைப் பாருங்கள், பாதிப் புகார் அங்கேயே தீரும். கீபோர்டு உறை போட்டிருக்கும்போது போனின் சொந்த யூஎஸ்பி துளையில் சார்ஜ் போட வேண்டாம், உறையின் துளை வழியாக மட்டும் போடுங்கள்.

மறுமொழி 6

லிப்ரம் 5 வைஃபை பற்றி ஒரு வரி. முதலில் வந்த ரெட்பைன் அட்டை தேர்வானதற்குக் காரணம், அதன் ஃபர்ம்வேர் அட்டையிலேயே சேமிக்கப்பட்டிருக்கும், இயங்குதளம் மூடிய கோப்பு எதையும் ஏற்ற வேண்டியதில்லை. (ரெட்பைனின் வடிவமைப்பு மையம் ஹைதராபாத்தில் இருந்தது. 2020-ல் சிலிக்கான் லேப்ஸ் அந்த வயர்லெஸ் தொழிலை வாங்கிக்கொண்டது.) கொள்கைக்குப் பொருந்திய அட்டைதான், ஆனால் புளூடூத்தும் வைஃபையும் சேர்ந்து ஓடும்போது தடுமாறும். எம்.2 துளையில் செருகும் அட்டை என்பதால் மாற்ற முடியும், ஆனால் எஸ்டிஐஓ என்ற இணைப்பு வழியே பேசும் அட்டையாக இருக்க வேண்டும். லேப்டாப் அட்டைகள் பெரும்பாலும் பிசிஐஇ என்ற வேறு இணைப்பு, துளையில் உட்கார்ந்தாலும் வேலை செய்யாது.

கேமராவில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். சிப்பில் பட வடிவாக்கப் பகுதியே இல்லை, உணரி தரும் கச்சா தரவை மில்லிபிக்சல்ஸ் செயலி சிபியூவில் வைத்துச் சமைக்கிறது.

மறுமொழி 7

அலாரம் பற்றி யாரும் சொல்லவில்லை. சஸ்பெண்டை இயக்கியதும் பலர் காலையில் தூங்கிப்போவது இதனால்தான்: க்னோம் கடிகாரம் தூங்கும் போனை எழுப்பாது. பேர்டி என்ற செயலி சிஸ்டம்டி டைமர் (இயங்குதளத்தின் நேரக்குறிப்பு) வழியாக ஆர்டிசியில் (போனின் வன்பொருள் கடிகாரம்) நேரம் குறித்து எழுப்புகிறது. சோதிக்கும்போது ஐந்து நிமிடம் கழித்து அலாரம் வைத்து, கேபிளை உருவி, போன் உண்மையிலேயே தூங்கியதா என்று பார்த்துவிட்டுச் சோதியுங்கள். சார்ஜில் இருக்கும்போது தானியங்கி சஸ்பெண்ட் அணைந்திருந்தால் எந்த அலாரமும் அடிக்கும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.