பனி இறங்கினால் பள்ளி ஆன்டெனாவில் வெறும் இரைச்சல், செட் கோளாறா?

கோத்தகிரி வாத்தியார்:
வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். ஹாம் ரேடியோவுக்கான (பொழுதுபோக்காக ரேடியோவில் ஒருவரோடொருவர் பேசுவது) ஆரம்பநிலை லைசென்ஸான ரெஸ்ட்ரிக்டட் வைத்திருக்கிறேன், ஜூனிலிருந்து பள்ளியில் ஹாம் ரேடியோ கிளப் நடக்கிறது, பதினான்கு பிள்ளைகள், பாதிப் பேர் சுற்றியுள்ள ஹட்டிகளிலிருந்து (படகர் ஊர்கள்) வருகிறவர்கள். மொட்டை மாடியில் 145 மெகாஹெர்ட்ஸுக்குச் செங்குத்தாக ஒரு டைபோல் (இரண்டு கை கொண்ட ஆன்டெனா), கை ஒவ்வொன்றும் 49 சென்டிமீட்டர் அலுமினியக் குழாய், பிள்ளைகளே அளந்து அறுத்தது. அங்கிருந்து 12 மீட்டர் கோஆக்ஸ் கேபிள் (நடுக்கம்பியைச் சுற்றி வெளிவலை உள்ளது) ஆய்வகத்துக்கு இறங்குகிறது. ஆகஸ்டில் கட்டியபோது கோயம்புத்தூர் நண்பர் 5 வாட்டில் பேசியது பக்கத்து அறையில் பேசுவது போல இருந்தது. நவம்பர் மழை பிடித்ததிலிருந்து காலையில் வெறும் இரைச்சல். அதே செட்டில் சின்ன ரப்பர் ஆன்டெனாவை மாட்டி மாடிக்குப் போனால் அவர் குரல் வருகிறது! எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் (ஆன்டெனாவில் பட்டுத் திரும்புகிற சக்தியைக் கணிப்பது, 1-க்குப் பக்கமாக இருந்தால் நல்லது) 1.3 காட்டுகிறது, அதனால் ஆன்டெனா மேல் சந்தேகம் வரவில்லை. எட்டரை மணிக்கு ஆசையாக வந்து உட்காருகிற பிள்ளைகள் ஒன்றும் கேட்காமல் எழுந்து போவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. உதவுங்கள்.

குன்னூர்க்காரன்:
நடுவில் மேடு ஏதாவது மறைக்கிறதா சார்? எங்கள் ஊரில் ஒரு வளைவு தாண்டினாலே சிக்னல் போய்விடும்.

கோத்தகிரி வாத்தியார்:
இல்லைங்க, மேட்டுப்பாளையம் பக்கம் சரிவு திறந்தே கிடக்கிறது. இன்னொன்று, எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பதிவு நோட்டு எழுதுகிறாள், நேரம், அலைவரிசை, யார் குரல் என்று கட்டம் போட்டு, யாரும் சொல்லாமலே கடைசியில் 'வானம்' என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறாள். 'பனி' என்று எழுதிய நாளெல்லாம் குரல் இல்லை, 'வெயில்' என்ற நாளில் மதியத்துக்கு மேல் லேசாக இருக்கிறது.

பழைய ஹாம், ஊட்டி:
தம்பி, அந்தப் பெண்ணுக்கு முதலில் ஒரு சபாஷ் சொல்லுங்கள், விடை அந்தக் கட்டத்திலேயே இருக்கிறது. மேடு மறைத்தால் எல்லா நாளும் மறைக்கும். கேபிளுக்குள் தண்ணீர் போயிருக்கிறது. 1.3-ஐ நம்பாதீர்கள். நனைந்த கேபிள் மேலே போகிற சக்தியையும் தின்னும், ஆன்டெனாவில் பட்டுத் திரும்புகிறதையும் தின்னும், திரும்பி வருவது குறைவதால் கீழே மீட்டர் நல்லதாகக் காட்டும். நல்ல ஆன்டெனா மாதிரியே இருக்கும். செட்டிலிருந்து கேபிளைக் கழற்றி, நடுக்கம்பிக்கும் வெளிவலைக்கும் இடையே மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்துப் பாருங்கள். டைபோலின் இரண்டு கையும் ஒன்றையொன்று தொடாதவை, எனவே எண்ணே வரக் கூடாது. சில கிலோ ஓம் வந்தால் தண்ணீர்தான். மேலே கேபிளைப் பிரித்த இடத்தை எதனால் அடைத்தீர்கள்?

கோத்தகிரி வாத்தியார்:
ஹாட் க்ளூ (சூடாக்கி ஒட்டும் பசை) மட்டும்தான் ஐயா. 8 கிலோ ஓம் காட்டுகிறது.

பழைய ஹாம், ஊட்டி:
அது குளிரில் சுருங்கி விரிசல் விடும். விளக்குத் திரி எண்ணெய் இழுப்பது போல வெளிவலை தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டே போகும், காயவைத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். புதுக் கேபிள் போடுங்கள். இணைப்பில் இழுத்துச் சுற்றினால் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், கீழிருந்து மேலாக, ஒவ்வொரு சுற்றும் முந்தியதில் பாதியை மூடும்படி. அதன் மேல் சாதாரணக் கறுப்பு டேப். அப்புறம், ஜன்னலில் நுழைவதற்கு முன் கேபிள் ஒரு தொட்டில் போலத் தொங்கட்டும், மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். இடி மின்னல் நேரத்தில் மட்டும் பிள்ளைகளை மாடிக்கு விடாதீர்கள், கேபிளையும் முன்கூட்டியே கழற்றி வெளியே போட்டுவிடுங்கள்.

குன்னூர்க்காரன்:
நல்ல பாடம் ஐயா. இந்தப் பிள்ளைகள் லைசென்ஸ் பரீட்சை எழுதலாமா?

பழைய ஹாம், ஊட்டி:
12 வயது நிரம்பியிருந்தால் எழுதலாம். ரெஸ்ட்ரிக்டடுக்கு மோர்ஸ் (புள்ளி, கோடு சங்கேதம்) தேவையில்லை, அடிப்படை ரேடியோவும் விதிமுறையும் தெரிந்தால் போதும். அதற்கு மேல்நிலையான ஜெனரலுக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் வேண்டும். விண்ணப்பம் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் இணையதளத்தில். கிளப்பில் சின்னவர்கள் இப்போதைக்குக் கேட்கட்டும், நோட்டு எழுதட்டும், கேட்கக் கற்ற காதுதான் பின்னால் நன்றாகப் பேசும்.

கோத்தகிரி வாத்தியார்:
சரியாகிவிட்டது! பழைய கேபிளின் மேல்தோலை உரித்தபோது செம்பு வலை கறுத்துப்போய், விரலால் அழுத்தினால் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்தது, பிள்ளைகள் ஆளுக்கொரு முறை அழுத்திப் பார்த்தார்கள். புதுக் கேபிளில் மீட்டர் எண்ணே காட்டவில்லை. இன்று எதிர்வரிசைத் தேயிலைச் செடி தெரியாத பனி, நண்பர் குரல் தெளிவாக வந்தது. நோட்டில் முதல்முறையாகப் 'பனி'யும் 'குரல்'உம் ஒரே வரியில். ஒரு கடைசிக் கேள்வி: சர்வதேச விண்வெளி நிலையத்தை இதே ஆன்டெனாவில் கேட்க முடியுமா?

பழைய ஹாம், ஊட்டி:
முடியும் தம்பி. 145.800, எஃப்.எம். அங்கிருந்து ஒலிபரப்பு இருக்கும் நாளாகப் பாருங்கள், ஒரு கடப்பு பத்து நிமிடம்தான். வரும்போது அலைவரிசை மூன்றரை கிலோஹெர்ட்ஸ் வரை ஏறியிருக்கும், போகும்போது அதே அளவு இறங்கும், எஃப்.எம்.மில் பெரும்பாலும் தாங்கிவிடும். நேர் உச்சியில் கடக்கும்போது செங்குத்து டைபோல் சற்று மங்கும், அடிவானத்துக்குப் பக்கத்தில் நன்றாகக் கேட்கும்.