காலலூ, டிரான்சிஷன் பழைய இதழ்கள் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். கறுப்பின எழுத்தாளர்களுக்கு இடம் கொடுத்த இலக்கிய இதழ்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன், பாதியில் நிற்கிறது.

காலலூ பற்றி ஓரளவு தேற்றிவிட்டேன். 1976இல் லூசியானாவின் பேட்டன் ரூஜில் சார்லஸ் ரோவெல் தொடங்கியது; அமெரிக்கத் தெற்கின் கறுப்பினத்தவர் எழுதியதைப் போட இடமில்லை என்பதுதான் காரணம். பெயரே கரீபியன் வீடுகளில் செய்யும் கீரைச் சமையல், டிரினிடாடில் சேம்பிலை, ஜமைக்காவில் அதே பெயரில் தண்டுக்கீரை (இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை).

சிக்கல் டிரான்சிஷனில். 1961இல் கம்பாலாவில் இதைத் தொடங்கிய ரஜத் நியோகி இந்திய வம்சாவளி உகாண்டாக்காரர், 1968இல் அரசு அவரைச் சிறையில் போட்டது, அப்புறம் இதழ் கானாவுக்குப் போய், நைஜீரிய எழுத்தாளர் வோலே சோயிங்கா ஆசிரியராகி, 1976இல் நின்று, 1991இல் அமெரிக்காவில் மறுபடி வந்தது. எனக்கு வேண்டியது அந்தக் கம்பாலா இதழ்கள். கையில் இருக்கும் ஸ்கேனில் பக்க ஓரம் மடிந்து ஒவ்வொரு வரியிலும் முதல் இரண்டு எழுத்தைக் காணோம், ஊகித்தே கண் போய்விட்டது.

யாருக்காவது கல்லூரி வழியாக ஜேஸ்டோர் (பழைய இதழ்களின் இணையக் காப்பகம்) பார்க்க முடியுமா? இன்னொன்று, டிரான்சிஷனிலிருந்து ஒரு கதையைத் தமிழில் கொண்டுவர அனுமதி கேட்பது இதழிடமா, எழுதியவரின் குடும்பத்திடமா? ஏற்கெனவே இப்படிக் கேட்டு வாங்கியவர்கள் இருந்தால் இன்பாக்ஸிலாவது சொல்லுங்கள்.