காவடி எடுப்பவர் காலில் செருப்பா?

வெற்றிலைக்கொடி:
நேற்று தெருக்கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "செருப்புக் காலோடு காவடி வரைவது முருகனுக்கே அவமானம், யார் வரைந்தாலும் மறுநாளே வெள்ளையடிப்பேன்" என்று சொன்னார். பாதிப்பேர் தலையாட்டினார்கள். இரவு முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

வராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மொரீஷியஸ் ரோஸ் ஹில்லில் எங்கள் தெருமுனைக் கடையின் பக்கச் சுவர் பன்னிரண்டு மீட்டர் நீளம், மெட்ரோவில் போகிறவர்களுக்கும் தெரியும். படம் வரையக் கடைக்காரர் சம்மதித்துவிட்டார். மூன்று வரைவுகள் வந்திருக்கின்றன, வாக்குப் போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்று, தைப்பூசத்தில் காவடி தூக்கிப் போகும் ஆள். இன்னொன்று டோடோப் பறவை, பக்கத்தில் மூன்று மொழியில் நல்வரவு. மற்றொன்று கல் செதுக்கும் கொத்தனார். காவடி ஆளின் காலில் இருப்பதைக் கூட்டத்தில் எழுந்தவர் செருப்பு என்கிறார். அது ஆணிச் செருப்பு. பலகையில் ஆணி அடித்து, கூர்முனை மேலே நிற்க, அதன் மேல் பாதத்தை வைத்து நடப்பது. நம் ஊர் கிரியோல் மொழியில் சவாத் குலு என்று குழந்தைக்குக் கூடத் தெரியும். இது தெரியாமல் அறுபது வருடம் இந்தத் தீவில் இருந்தாரா?

கருங்கல்:
நான்தான் சொன்னேன், மறைந்து பேசும் பழக்கம் எனக்கு இல்லை. ஆணிச் செருப்பு எனக்கும் தெரியும் அக்கா. ஆனால் பெயரிலேயே செருப்பு இருக்கிறதே? மெட்ரோவில் போகிறவன் நாலு விநாடி பார்ப்பான். அவன் கண்ணுக்கு ஆணி தெரியாது, செருப்பு தெரியும். கோவில் வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பிள்ளைகளை வளர்த்துவிட்டு, தெருவில் இருபது அடி உயரத்தில் செருப்புக் காலை வரைந்து வைப்பீர்களா?

வெற்றிலைக்கொடி:
இருபது அடி இல்லை. அந்தச் சுவர் மூன்றரை மீட்டர்தான். கட்டட வேலை செய்தவருக்கு அளவு தெரிய வேண்டாமா?

ஸ்டான்லி தம்பி:
வரைகிற பெண்ணுக்கு நான் உதவி செய்கிறேன். வரைவில் ஆணிகள் சின்னப் புள்ளிகளாகத்தான் இருக்கின்றன, அது உண்மை. தாளில் ஒரு விரல் அகலத்துக்குள் கால் வந்துவிடுகிறது. சுவரில் பெரிதாக்கும்போது ஒவ்வொரு ஆணியும் தனித்தனியாகத் தெரியும். இன்னொரு விஷயம், காவடி ஆளின் உடையைப் பாருங்கள். இங்கே காவடிக்குக் கட்டுகிற அந்த அடர் ரோஸ் நிறம் அப்படியே வந்திருக்கிறது. அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

கருங்கல்:
நிறம் நன்றாக இருக்கிறது. கால்தான் பிரச்சினை.

ஓய்வு வாத்தியார்:
காலை விடுங்கள். இரண்டாவது வரைவில் நல்வரவு எந்த இடத்தில் இருக்கிறது என்று யாராவது பார்த்தீர்களா? மேலே பிரெஞ்சு, நடுவில் இந்தி, கடைசியில் தமிழ். 1998 இல் மத்திய வங்கி புது ரூபாய் நோட்டு வெளியிட்டபோது இதைத்தான் செய்தது. ஆங்கிலம், தமிழ், இந்தி என்று அதுவரை இருந்த வரிசையை மாற்றி இந்தியை மேலே ஏற்றியது. நம் ஆட்கள் தெருவில் இறங்கினார்கள், நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன, மறு வருடம் பழைய வரிசையோடு புது நோட்டு வந்தது. அந்தக் கூட்டங்களில் நானும் நின்றேன். நோட்டில் வாங்கியதைத் தெருச் சுவரில் விட்டுக்கொடுக்க வேண்டுமா?

ஸ்டான்லி தம்பி:
சார், அது டோடோ படம். அதற்கு யாரும் வாக்குப் போடப் போவதில்லை. டோடோ நாட்டுச் சின்னத்திலேயே இருக்கிறது, விமான நிலையத்தில் விற்கும் பனியன் எல்லாவற்றிலும் இருக்கிறது. நம் தெருவுக்கும் அதுதானா?

ஓய்வு வாத்தியார்:
வாக்குப் போடாவிட்டாலும் வரிசை தவறுதான். பதில் சொல்லுங்கள்.

வெற்றிலைக்கொடி:
வாத்தியார் ஐயா, உங்களை மதிக்கிறேன், ஆனால் பேச்சைத் திருப்பாதீர்கள். கருங்கல் அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். என் அண்ணன் பதினொரு தைப்பூசம் ஆணிச் செருப்பில் நடந்து கோர் தெ கார்த் மலையடிவாரக் கோவிலுக்குப் போனார். கொடியேற்றம் முதல் பத்து நாள் விரதம், தரையில் படுக்கை, யாரிடமும் கோபமாக ஒரு சொல் பேச மாட்டார். அன்று காலை ஆற்றில் குளித்து, நாக்கில் வேல் குத்தி, தோளில் காவடி, இரண்டு பக்கமும் பால் செம்பு. நாங்கள் பெண்கள் முன்னால் ஓடி ஓடித் தார்ச்சாலையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவோம், மற்றவர்களுடைய வெறுங்கால் வேகாமல் இருக்க. அண்ணனுக்கு அந்தத் தண்ணீரால் பயன் இல்லை, அவர் பாதம் தாரில் படவே இல்லை. நடந்தது முழுக்க ஆணி மேல். அந்தச் செருப்பு இன்னும் எங்கள் வீட்டில் அலமாரிக்கு மேல் மஞ்சள் துணியில் சுற்றி இருக்கிறது. முனை துருப்பிடித்துவிட்டது. குதிகால் இருந்த இடத்தில் பலகை கறுத்துப் போயிருக்கிறது. கோவிலுக்குள் போகுமுன் அவரும் கழற்றித்தான் வைத்தார். அதைத்தான் நீங்கள் கூட்டத்தில் அவமானம் என்றீர்கள்.

கருங்கல்:
உங்கள் அண்ணனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் எனக்கும் அண்ணன்தான், அவர் இறந்தபோது தூக்கிப் போனவர்களில் நானும் ஒருவன். சுவரில் என்ன தெரியும் என்பது வேறு பேச்சு. செருப்புத் தெரியும்.

வெற்றிலைக்கொடி:
ஆணி தெரியும்.

கருங்கல்:
செருப்பு.

சென்பியேர் மல்பார்:
பக்கத்துத் தீவு ரீயூனியனிலிருந்து எழுதுகிறேன். இதற்கெல்லாம் சண்டையா? எங்கள் தீவில் ஜேஸ் என்கிறவர் 1992 முதல் கூசூ என்று ஒரு மஞ்சள் பொம்மையைச் சுவர் சுவராக வரைகிறார். கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. அது எல்லாருக்கும் சொந்தமாகிவிட்டது. நாங்கள் மல்பார்கள், இந்தத் தீவின் தமிழ் வம்சாவளிக்காரர்கள், தீமிதி நடத்துகிறவர்கள், எங்களுக்கும் சாமி பக்தி உண்டு. படத்தைப் படமாகப் பார்க்கிறோம்.

கருங்கல்:
உங்களை நீங்கள் மல்பார் என்று சொல்லிக்கொள்வது உங்கள் விருப்பம். இங்கே அந்தச் சொல்லை யார் எந்தக் குரலில் சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரைக் கேட்டு அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தவன் நான். எங்கள் பேச்சில் அதை எழுதாதீர்கள்.

சென்பியேர் மல்பார்:
எங்களுக்கு அது பெருமையான பெயர். உங்களுக்காக மாற்றிக்கொள்ள முடியாது.

ஓய்வு வாத்தியார்:
போர்ட் லூயிஸில் நம் முன்னோர் இருந்த பகுதிக்கே காம் தே மலபார் என்றுதான் பெயர். வரலாற்றுச் சொல், அழ வேண்டியதில்லை.

கருங்கல்:
வாத்தியாரே, அந்தப் பகுதியில் இருந்தவர்கள் யார்? அதைத்தானே மூன்றாவது வரைவு சொல்கிறது! லபூர்தொனே 1735 இல் பிரெஞ்சு கவர்னராக வந்து துறைமுகத்தைக் கட்டத் தொடங்கியபோது புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். ஒப்பந்தக் கூலிகளோடு அட்லஸ் கப்பல் வந்தது 1834 நவம்பர் 2 அன்று. நம் ஆட்கள் அதற்கு நூறு வருடம் முன்பே உளி சுத்தியலோடு இங்கே இருந்தார்கள். இந்தத் தீவின் கருங்கல் எரிமலைக் கல், உளி தவறினால் தெறித்து முகத்தில் அடிக்கும். அதைச் சதுரமாக்கிச் சுவர் எழுப்பியவர்களுக்கு இந்த ஊரில் ஒரு படம் இல்லை. காவடி வருடா வருடம் தெருவிலேயே வருகிறது, அரசு விடுமுறையே இருக்கிறது. கொத்தனாருக்கு என்ன இருக்கிறது?

மூன்றாம் வீடு:
ஒரு திருத்தம். எல்லாரும் வேலைக்காரர்களாக மட்டும் வரவில்லை. இந்தியாவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கே இருந்தார்கள். கொத்தனாரை வரையும்போது அதையும் நினைக்க வேண்டும். பெருமை மட்டும் பேசினால் பாதி ஆட்களை விட்டுவிடுவோம்.

கருங்கல்:
என் கொள்ளுத்தாத்தா அடிமை இல்லை.

மூன்றாம் வீடு:
உங்கள் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி யார் பேசினார்கள்?

வெற்றிலைக்கொடி:
இப்போது புரிகிறது. செருப்பு ஒரு சாக்கு. அவருக்குக் கொத்தனார் படம் வேண்டும், ஏனென்றால் அவர் கொத்தனார் வீட்டுப் பிள்ளை. நேராகச் சொல்லியிருக்கலாம். காவடிக்காரர் வெறுங்காலோடு வந்திருந்தால் வேறு ஒரு குற்றம் கண்டுபிடித்திருப்பார்.

கருங்கல்:
வெறுங்காலாக வரையுங்கள், நாளைக்கே நான் காவடிக்கு வாக்குப் போடுகிறேன். எல்லாரும் சாட்சி. ஆயிரம் பேரில் எத்தனை பேர் ஆணியில் நடக்கிறார்கள்? மற்றவர்கள் எல்லாம் வெறுங்கால்தானே? ஏன் அந்த ஒருவரைத்தான் வரைய வேண்டும்?

வெற்றிலைக்கொடி:
ஏனென்றால் அந்த ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார்.

ஸ்டான்லி தம்பி:
இருவரும் ஒரு நிமிடம் கேளுங்கள். இன்று காலை சுவரைத் தட்டிப் பார்த்தோம். அடியிலிருந்து அரை மீட்டர் வரை உள்ளே காலியாக இருப்பது போலச் சத்தம் வருகிறது. 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது தண்ணீர் தேங்கிய இடம் அது. கீழிருந்து ஈரம் ஏறி, உப்பு வெள்ளையாகப் பூத்து நிற்கிறது. அதன் மேல் எந்தப் பெயின்ட் அடித்தாலும் ஒரு மழைக்காலத்தில் கொப்புளம் போட்டு உரியும். அந்தப் பகுதிப் பூச்சை முழுக்கக் கொத்தி எடுத்து, காயவிட்டு, புதிதாகப் பூசி, அதுவும் நன்றாகக் காய்ந்த பிறகுதான் முதல் கோட் அடிக்க முடியும். காவடி ஆளின் கால் சரியாக அந்த அரை மீட்டரில்தான் வருகிறது.

கருங்கல்:
பார்த்தீர்களா? சுவரே சொல்கிறது. முழங்காலுக்கு மேல் வரையுங்கள், செருப்பும் இல்லை, ஈரமும் இல்லை.

வெற்றிலைக்கொடி:
காலில்லாத ஆள் காவடி எப்படி எடுப்பார்? நடப்பதுதானே காவடி!

மூன்றாம் வீடு:
பூச்சுக்கு யார் பணம் தருவது? போன வருடம் தெருவிளக்குக்கு வசூலித்ததில் மீதி எங்கே என்று இன்னும் எனக்குப் பதில் வரவில்லை.

கருங்கல்:
அந்தக் கணக்கை எழுதிக் கொடுத்தாகிவிட்டது. பூச்சு வேலையை நான் கூலி வாங்காமல் செய்து தருகிறேன், சிமெண்ட் மட்டும் வாங்கித் தாருங்கள். ஆனால் நான் பூசிய இடத்தில் செருப்பு வரையக் கூடாது.

வெற்றிலைக்கொடி:
இதுதான் உங்கள் தர்மமா? கை வேலையைக் கொடுத்து, அதை வைத்து வாயை மூடுவது? வேண்டாம். என் மருமகன் பூசுவான்.

கருங்கல்:
உங்கள் மருமகன் பூசிய குளியலறை என்ன ஆனது என்று தெருவுக்கே தெரியும்.

வெற்றிலைக்கொடி:
அவனை இழுக்காதீர்கள். அது குழாய் வைத்தவர் செய்த தவறு, நூறு தடவை சொல்லியாகிவிட்டது.

ஓய்வு வாத்தியார்:
நல்வரவு வரிசைக்கு இன்னும் பதில் வரவில்லை.

சென்பியேர் மல்பார்:
முகமில்லாமல் வரையுங்கள் என்றேன். காலில்லாமல் வரையுங்கள் என்று சொல்லவில்லை. அக்கா பக்கம்தான் நியாயம்.

கருங்கல்:
கடல் தாண்டி வாக்குப் போட வேண்டாம்.

ஸ்டான்லி தம்பி:
வரைகிற பெண் கேட்கச் சொன்னாள். ஆணிச் செருப்பை அவள் நேரில் பார்த்தது இல்லை, ஒரு புகைப்படத்தை வைத்துத்தான் வரைந்தாளாம். பலகை எவ்வளவு தடிமன், வார் தோலா துணியா, ஆணி வரிசையாக இருக்குமா கலைந்து இருக்குமா என்று யாராவது சொல்ல முடியுமா?

வெற்றிலைக்கொடி:
பலகை இரண்டு விரல் தடிமன். வார் பழைய சைக்கிள் டியூபை வெட்டியது, உள்பக்கம் துணி வைத்துத் தைத்தது அம்மா. ஆணிகள் வரிசையாக இருக்கும், நெருக்கமாக. இடைவெளி விட்டால் பாதத்தில் இறங்கிவிடும் என்று அண்ணன் சொல்வார். நெருக்கமாக இருந்தால் உடம்பின் எடை எல்லா ஆணிக்கும் பிரியும். குதிகால் பக்கம் மட்டும் இரண்டு வரிசை அதிகம். ஞாயிறு நாலு மணிக்கு சுவர்ப் பக்கம் கொண்டுவருகிறேன். அவள் கையில் எடுத்துப் பார்க்கட்டும். கருங்கல் அவர்களும் வரட்டும், விரலை வைத்துப் பார்க்கட்டும். அதற்குப் பிறகு செருப்பு என்று சொல்லட்டும்.

கருங்கல்:
வருகிறேன். அதைத் தொட்டுக் கும்பிடவும் செய்வேன். சுவரில் மட்டும் வேண்டாம் என்றுதான் அப்போதும் சொல்வேன்.

வெற்றிலைக்கொடி:
கும்பிடுவீர்கள், ஆனால் வரைய விடமாட்டீர்கள். சரி, வாருங்கள். வரும்போது அண்ணனிடம் வாங்கிப் போன ஏணியையும் கொண்டு வாருங்கள், சுவருக்குத் தேவைப்படும்.

கருங்கல்:
ஏணியை அவர் இருந்தபோதே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வெற்றிலைக்கொடி:
கொடுக்கவில்லை.