முதுகுப்பையா, தோள்பையா? கூடவே 'பேண்தகு' பற்றியும்

குழுவினருக்கு வணக்கம்.

'ஸ்டைலிஷ், வெர்சடைல், சஸ்டெயினபிள் பாக்பேக்' என்பதைத் தமிழாக்கும்போது பாக்பேக்குக்குத் 'தோள்பை' போதும் என்று ஐயா எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. நேற்றுக் காலை கல்லடிப் பாலத்தில் இரண்டு மாணவிகள் சைக்கிளில் போனார்கள். முன்னே போனவளின் ஒற்றை வார்ப் பை வயிற்றுப் பக்கம் சரிந்து, மிதிக்கும் ஒவ்வொரு முறையும் முழங்காலில் இடித்தது. பின்னே போனவளின் பை முதுகோடு ஒட்டி அசையாமல் இருந்தது. முன்னது தோள்பை, பின்னது முதுகுப்பை. அம்பறாத்தூணியை முதுகில் கட்டியவர்களின் மொழிக்கு இந்த வேறுபாடு புதிதல்ல.

'ஸ்டைலிஷ்' என்பதற்கு 'எடுப்பான' என்பதில் எவருக்கும் மறுப்பில்லை. 'வெர்சடைல்', அதாவது பல தேவைக்கும் உதவுவதைப் 'பலநோக்கு' என்போம். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தால் ஊரே அறிந்த சொல் அது.

சிக்கல் 'சஸ்டெயினபிள்' என்ற சொல்லில்தான். இலங்கை அரச ஆவணங்களில் அதற்கு 'நிலைபேறான', 'பேண்தகு' இரண்டும் புழங்குகின்றன. மருதமுனையில் கைத்தறித் துணி வாங்கப் போனபோது கடைக்காரரிடம், "நிலைபேறான பை என்றால் என்ன?" என்று கேட்டேன். "கனகாலம் கிழியாத பை" என்றார். அது பாதிப் பொருள்தான். 600 டெனியர் பொலியெஸ்டர் இலேசில் கிழியாது. (9,000 மீற்றர் நூலின் எடை எத்தனை கிராமோ, அத்தனை டெனியர்.) ஆனால் எறிந்தால் மண்ணில் மக்காது. பருத்தி மக்கும், மாரி மழையில் ஊறிக் கனத்துவிடும். நூலின் பெயரை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

என் மகனின் பையில் மூன்றாவது மாரியோடு உட்பூச்சு உரிந்தது. கொப்பி மட்டையெல்லாம் வெள்ளைச் செதில். ஜிப்பின் இழுவையும் உப்புக்காற்றில் பூத்து இறுகிவிட்டது. வெளித்துணியில் ஒரு கீறல் இல்லை. சந்தித் தையற்காரர் உட்துணியைப் பிரித்து மாற்றி, பிளாஸ்டிக் பல் வைத்த ஜிப் தைத்துத் தந்தார். இன்றும் அதே பைதான் பள்ளிக்குப் போகிறது. பிரிக்கவும் தைக்கவும் இடம் கொடுக்கிற பையையே வாங்க வேண்டும் என்பேன். வாங்குமுன் உள்ளே திருப்பித் தையலையும், வார் சேரும் இடத்தையும் பாருங்கள்.

அதனால்தான் 'பேண்தகு' என்கிறேன். 'நிலைபேறு' பொருளின் குணத்தைச் சொல்கிறது. 'பேண்' வைத்திருப்பவரின் கையையும் சேர்த்துச் சொல்கிறது. எங்கள் தையல் குழு அடுத்த மாதம் தைக்கும் பைகளின் சீட்டில் 'பேண்தகு முதுகுப்பை' என்று அச்சிட விரும்புகிறோம்.

---

தங்கைக்கு,

முதுகுப்பையை ஏற்றுக்கொண்டேன். 'பேண்தகு' கட்டுரைக்குப் பொருந்தும். பைச் சீட்டில் அது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்க வேண்டும். 'பேணத்தக்க முதுகுப்பை' என்று விரித்து எழுதுங்கள். அதன் கீழே ஜிப்பையும் வாரையும் மாற்றித் தைக்கலாம் என்று ஒரு வரி சேருங்கள். அச்சுக்குப் போகுமுன் சீட்டை அனுப்புங்கள், பிழை பார்த்துத் தருகிறேன்.