கொழும்பு ஒழுங்கைகளில் ஓடும் சிறு பெக்கோ: அசல் உதிரிப்பாகமா, மாற்றுத் தயாரிப்பா?

கொட்டாஞ்சேனை ஒப்பந்தகாரர்

எல்லோருக்கும் வணக்கம். ஜப்பானில் பாவித்து இங்கே இறக்குமதி செய்யப்பட்ட மூன்று தொன் சிறு பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) ஒன்றை நான்கு வருடமாக வைத்திருக்கிறேன். பெரிய பெக்கோ நுழைய முடியாத ஒழுங்கைகளில் பழைய வீடுகளை உடைப்பது, அத்திவாரம் தோண்டுவது, கழிவுநீர்க் குழாய் பதிப்பது என்பவையே எங்கள் வேலை. சுழலும்போது பின்பக்கம், சில்லுக்குப் பதிலாக ஓடும் இறப்பர் செயின்களின் அகலத்துக்கு வெளியே நீளாத வகை என்பதால், இரண்டு மதில்களுக்கு நடுவில் நின்றுகொண்டே மண்ணை லொறியில் ஏற்றிவிடும்.

கடந்த கிழமை ஜம்பட்டா வீதிப் பக்கத்து வேலை ஒன்றில் இடப்பக்க இறப்பர் செயின் வெடித்து, உள்ளே இருக்கும் உருக்குக் கம்பிகள் வெளியே வந்துவிட்டன. அசல் செயினுக்கு ஆறு கிழமை காத்திருக்கச் சொல்கிறார்கள். விலையும் பஞ்சிகாவத்தையில் உடனே கிடைக்கும் சீனத் தயாரிப்பை விட ஏறத்தாழ மூன்று மடங்கு. கொங்கிரீட் தளம் உடைக்க ஒயில் அழுத்தத்தில் உளியை அடிக்கும் ஒரு ஹைட்ரோலிக் பிரேக்கரும் வாங்க எண்ணியிருக்கிறேன். காத்திருப்பதா, கிடைப்பதைப் போட்டு வேலையை முடிப்பதா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடை

தம்பி, ஆறு கிழமை மெஷின் நின்றால் லீசிங் தவணை நிற்காது, ஒப்பரேட்டரின் சம்பளமும் நிற்காது, வீட்டுக்காரர் வேறு ஆளைப் பிடித்துவிடுவார். செயின் விலையோடு இந்த நட்டத்தையும் கூட்டிப் பார்த்தால், மூன்று மடங்கு என்று நீங்கள் சொல்வது இன்னும் எவ்வளவோ மேலே போகும். நான் வியாபாரி என்பதால் இப்படிச் சொல்வதாக எவரும் நினைக்க வேண்டாம். 2022 மார்ச்சில் டொலர் 200 ரூபா அளவில் இருந்து மே மாதத்துக்குள் 360 ரூபாவைத் தாண்டியதையும், வங்கிகள் இறக்குமதிக்கான கடன் கடிதம் திறக்க மறுத்ததையும் நாங்கள் எல்லோரும் அனுபவித்தோம். அன்று அசல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர்களின் மெஷின்கள் புல் முளைத்துக் கிடந்தன. கிடைத்ததைப் போட்டு ஓட்டியவர்கள் இன்றும் தொழிலில் இருக்கிறார்கள். 2024 ஜனவரியிலிருந்து வற் வரியும் 18 சதவீதமாக உயர்ந்துவிட்ட நிலையில், விலை கூடிய பொருளுக்கு அந்த வரியும் கூடிய தொகையாகவே வந்து விழுகிறது.

தெஹிவளைப் பராமரிப்புப் பொறியியலாளர்

கடை முதலாளி சொல்லும் நட்டக் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பக்கம் விடுபட்டிருக்கிறது. மலிவான பாகம் ஒன்று பழுதாகும்போது அது தன்னோடு வேறு எதைக் கொண்டுபோகிறது என்பதே அந்தப் பக்கம்.

கடந்த வருடம் ஒரு வேலைத்தளத்தில் இரண்டு தொன்னுக்குக் குறைந்த பெக்கோ ஒன்று சூடேறியதும் கையைத் தூக்க முடியாமல் நின்றது. ஹைட்ரோலிக் ஒயில் பில்டரைக் கழற்றி, வாளால் வெளிக்கூட்டை அறுத்து, உள்ளே இருந்த கடதாசி மடிப்பை வெள்ளைத் துணியில் விரித்தேன். கடதாசி ஒரு பக்கம் உள்நோக்கிச் சரிந்து கிழிந்திருந்தது. மடிப்புகளின் அடியில் பொன்னிறப் பொடி படிந்திருந்தது. விரலில் தொட்டால் கண் மை போல ஒட்டியது. அது பம்பின் பிஸ்டன்களுக்கு அடியில் இருக்கும் வெண்கலப் பாதங்கள் தேய்ந்து வந்த பொடி. அந்த பில்டர் பெயர் தெரியாத மாற்றுத் தயாரிப்பு. உரிமையாளர் அதில் மிச்சம் பிடித்தது சில ஆயிரம் ரூபா. பம்ப் போனது, பம்பிலிருந்து புறப்பட்ட பொடி கட்டுப்பாட்டு வால்வுக்குள் போனது, அங்கிருந்து செயினை ஓட்டும் ட்ரவல் மோட்டர் வரைக்கும் போனது. மனிதத் தலைமயிர் ஏறத்தாழ 70 மைக்ரோன் தடிப்பு. பம்புக்குள் ஒன்றோடொன்று உராயும் பாகங்களுக்கு இடையே உள்ள இடைவெளியோ சில மைக்ரோன்கள் மட்டுமே. 200 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் ஓடும் அந்த இடத்தில் பில்டர் ஒன்றுதான் காவல். அந்தக் காவலில் சிக்கனம் பார்ப்பதை நான் ஏற்கவே மாட்டேன்.

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடை

பொறியியலாளர் அவர்களே, தம்பி கேட்டது செயினைப் பற்றி. நீங்கள் பில்டரைப் பற்றிச் சொல்கிறீர்கள். செயினுக்கு வருவோம். பெக்கோவின் பெயர்ப் பலகையில் உள்ள நிறுவனம் இறப்பர் செயினைப் பெரும்பாலும் தானே வார்ப்பதில்லை. அது இறப்பர் தொழிற்சாலைகளின் வேலை. அந்த வேலை எங்கள் நாட்டிலேயே நடக்கிறது. கம்சோ என்ற பெயரில் சிறு கட்டுமான இயந்திரங்களுக்கான டயர்களும் இறப்பர் செயின்களும் செய்யும் தொழிலை, மிடிகமவிலும் கொட்டுகொடவிலும் உள்ள இரண்டு ஆலைகளோடு சேர்த்து, 225 மில்லியன் டொலருக்கு இந்தியாவின் சியெட் நிறுவனத்துக்கு விற்பதாக மிஷ்லின் 2024 டிசம்பரில் அறிவித்ததைப் பத்திரிகைகளில் எல்லோரும் படித்தோம். உலகம் முழுவதும் போகும் பொருள் இந்த மண்ணில் உருவாகும்போது, ஜப்பானியப் பெட்டியில் வந்தால்தான் அசல் என்று சொல்வது சரியில்லை. என் அலுமாரியில் தரமான மாற்றுத் தயாரிப்பும் இருக்கிறது, தரமற்றதும் இருக்கிறது. வாங்குபவர் எதைக் கேட்கிறார் என்பதைப் பொறுத்தே நான் எடுத்துத் தருகிறேன்.

வெள்ளவத்தை ஒப்பரேட்டர்

அண்ணாமாரே, நான் பதினொரு வருடமாக லீவர் பிடிப்பவன். அசலா மாற்றா என்பதற்கு முன்னால் செயினின் அளவை ஒருவரும் கேட்கவில்லை என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது.

செயினின் உட்பக்கத்தில் மூன்று எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். 300, 52.5, 80 என்று இருந்தால், அகலம் 300 மில்லிமீற்றர், ஒரு இரும்புக் கட்டையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 52.5 மில்லிமீற்றர், மொத்தம் 80 கட்டைகள், அதாவது செயினின் சுற்றளவு 4,200 மில்லிமீற்றர். எண்ணுக்குப் பின்னால் என் (N) அல்லது டபிள்யூ (W) என்ற எழுத்து இருந்தால் அதையும் குறித்துக்கொள்ள வேண்டும். அகலமும் நீளமும் ஒன்றாக இருந்தாலும் றோலர் ஓடும் உட்பக்க வடிவம் வேறாக இருக்கும்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், எழுத்தைப் பார்க்காமல் போட்ட புதுச் செயினோடு ஒரு நாள் வேலை செய்தேன். மதிலோரம் திரும்பியபோது செயின் ஐட்லரை (முன்பக்க வழிகாட்டிச் சில்லை) விட்டு வழுக்கி வெளியே வந்தது. முன்னால் வீட்டுப் படலை, பின்னால் மண் ஏற்றிய லொறி. காலை பத்து மணிக்கு விழுந்த செயினை ஏற்றி முடிக்கப் பின்னேரம் நான்கு மணியானது. அதற்குள் உதவிக்கு வந்த பையன் ஒருவன் செயினின் இறுக்கத்தைத் தளர்த்துவதற்காக, அதை இறுக்கிவைத்திருக்கும் கிறீஸின் வால்வை நேருக்கு நேர் குந்தியிருந்து ஒரேயடியாகத் திறந்துவிட்டான். கிறீஸ் அவனுடைய காதோரமாகப் பாய்ந்து எதிர் மதிலில் அடித்தது. அந்த அழுத்தத்தில் பாயும் கிறீஸ் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிட்டால் கையையோ கண்ணையோ இழக்க நேரிடும். வால்வைப் பக்கவாட்டில் நின்று, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறக்க வேண்டும். இதைத் தயவுசெய்து உங்கள் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. செயினை இழுக்கும் பற்சக்கரமான ஸ்ப்ரொக்கெட்டின் பற்கள் கொக்கி போல ஒரு பக்கம் வளைந்து தேய்ந்திருந்தால், எந்தப் புதுச் செயினைப் போட்டாலும் அது பாய்ந்துகொண்டே இருக்கும்.

தெஹிவளைப் பராமரிப்புப் பொறியியலாளர்

ஒப்பரேட்டர் தம்பி சொன்னது சரி. செயினைப் பொறுத்தவரை முதலாளியின் கருத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன்: அது வெளியே இருப்பது, வெடிப்பது கண்ணுக்குத் தெரிவது, அறுந்தாலும் பம்பைக் கெடுக்காதது. பக்கெட் பல், பின், புஷ், றோலர் ஆகியவற்றுக்கும் நல்ல மாற்றுத் தயாரிப்பு போதும். ஆனால் சீல் கிட், ஹைட்ரோலிக் பில்டர், பம்பின் உட்பாகங்கள், ட்ரவல் மோட்டரின் முகச் சீல் ஆகிய நான்கிலும் நான் இறங்கி வர மாட்டேன். முகச் சீல் போனால் கியர் ஒயில் சேற்றில் வடியும், அதே வழியால் சேறு உள்ளே ஏறும். நமது கால்வாயோரங்களின் கறுத்த சதுப்பு மண்ணில் வேலை செய்பவர்களுக்கு இது எவ்வளவு விரைவில் நடக்கும் என்பது தெரியும்.

எஞ்சின் பக்கம் இவ்வளவு கவலை வேண்டியதில்லை. குபோட்டாவின் டி1105 போன்ற மூன்று சிலிண்டர் எஞ்சின்கள் ஜெனரேட்டர்களிலும் வேறு இயந்திரங்களிலும் பூட்டப்பட்டவை என்பதால் பிஸ்டன் வளையமும் கஸ்கட்டும் தேடுவது கடினமில்லை.

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடை

சீல் கிட்டில் எனக்கு உடன்பாடில்லை. பக்கெட் சிலிண்டரின் சீலை அசலாகப் போட்டுவிட்டு, கடற்காற்றில் குரோம் உரிந்து புள்ளி விழுந்த தண்டை அப்படியே விட்டால், அசல் சீலும் சில மாதத்தில் கிழியும். கிழிப்பது தண்டு. நூற்றுக்கு ஐந்து பேர்தான் தண்டைத் தடவிப் பார்த்துவிட்டுச் சீல் கேட்கிறார்கள்.

தெஹிவளைப் பராமரிப்புப் பொறியியலாளர்

தண்டைப் பற்றி நீங்கள் சொல்வது முழு உண்மை. அதனால் தரமற்ற சீலைப் போடலாம் என்று ஆகிவிடாது. தண்டையும் பார்க்க வேண்டும், சீலையும் பார்க்க வேண்டும்.

இப்போது பிரேக்கர். எனக்கு உண்மையான அச்சம் இங்கேதான் இருக்கிறது. பிரேக்கர் மெஷினின் இரத்தத்திலேயே ஓடுகிறது. பக்கெட்டைப் போலத் தனியே தொங்குவதில்லை. உளியும் புஷ்ஷும் தேய்ந்து உதிரும் தூள் திரும்பும் ஒயிலோடு வருகிறது, ஒயில் சூடாகிறது, பில்டர் வழமையை விட விரைவில் அடைபடுகிறது. ஆகவே பிரேக்கர் பூட்டிய மெஷினுக்கு ஒயில் மாற்றும் இடைவெளியும் பில்டர் மாற்றும் இடைவெளியும் குறைய வேண்டும் என்று கையேடுகளே சொல்கின்றன. பிரேக்கருக்குப் போகும் மேலதிக ஒயில் லைனில் நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் ஒயில் வருகிறது, பிரேக்கருக்கு எத்தனை வேண்டும் என்பதை ஒப்பிடாமல் வாங்கக் கூடாது. திரும்பும் ஒயில் கட்டுப்பாட்டு வால்வுக்குள் போகாமல் நேராகத் தாங்கிக்குப் போக வேண்டும்.

இயக்குவதிலும் ஒழுங்கு வேண்டும். உளியைக் கல்லில் ஊன்றாமல் வெறுமனே அடிக்க விட்டால் நீளப் போல்ட்டுகள் உடையும். உளியால் கல்லை நெம்பினால் புஷ் பிளக்கும். கிறீஸ் அடிக்கும்போது உளியை நிலத்தில் ஊன்றி மேலே தள்ளிவைத்து அடிக்க வேண்டும். தொங்கவிட்டு அடித்தால் கிறீஸ் பிஸ்டனுக்கும் உளிக்கும் நடுவில் புகுந்து சீலை உடைக்கும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இதைச் செய்யாதவர் பிரேக்கர் வைத்திருக்கக் கூடாது. பிரேக்கரின் மேல் அறையில் நைதரசன் மட்டுமே நிரப்ப வேண்டும். வெல்டிங் கடையில் கிடைக்கிறதே என்று ஒட்சிசனை நிரப்பினால், ஒயிலும் ஒட்சிசனும் சேர்ந்து வெடித்து ஆள் இறப்பார்.

மருதானை வாடகைக்காரர்

நான் பிரேக்கர், ஓகர் (நிலத்தில் துளையிடும் கருவி), அகலப் பக்கெட் என்பவற்றை வாடகைக்கு விடுபவன். மாதத்தில் நாலைந்து நாள் மட்டும் கொங்கிரீட் உடைக்கிறவர் பிரேக்கரைச் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை. கொழும்பின் பழைய வீடுகளில் பாதிச் சுவர் கபுக்கல். அதைப் பக்கெட் பல்லே பிரித்துவிடும். தளமும் தூணும் வரும் நாளில் மட்டும் பிரேக்கர் எடுத்தால் போதும்.

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடை

வாடகைப் பிரேக்கர் யாருடைய மெஷினின் அழுக்கு ஒயிலைச் சுமந்து வருகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். முந்திய மெஷினின் பம்ப் பொடி அந்த ஹோஸ்களுக்குள் இருந்தால், அது தம்பியின் தாங்கிக்கே வந்து சேரும்.

மருதானை வாடகைக்காரர்

நியாயமான கேள்வி. திரும்பி வரும் ஒவ்வொரு பிரேக்கரின் ஹோஸையும் நான் கழுவித்தான் மூடி போடுகிறேன். எல்லோரும் அப்படிச் செய்வதாக நான் உறுதி கூற முடியாது. மூடி இல்லாத ஹோஸோடு வரும் பிரேக்கரைத் திருப்பி அனுப்புங்கள், என்னுடையதாக இருந்தாலும்.

வெள்ளவத்தை ஒப்பரேட்டர்

பிரேக்கரை மாற்றி மாற்றிப் பூட்டுவதற்கு குயிக் ஹிச் (விரைவில் பூட்டிக் கழற்றும் இணைப்பு) போடுவீர்கள் என்றால், பாதுகாப்புப் பின் இல்லாமல் ஒரு நாளும் தூக்க வேண்டாம். பக்கெட் கழன்று விழுந்து கீழே நின்றவர்கள் இறந்த சம்பவங்கள் இங்கிலாந்திலே நடந்திருக்கின்றன. 2016இல் குயிக் ஹிச்சின் பாதுகாப்புக்கென்றே ஐஎஸ்ஓ 13031 என்ற தரநிலை வந்தது. எங்கள் ஒழுங்கைகளில் பக்கெட்டுக்குக் கீழே பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நடந்து போகிறார்கள்.

கொட்டாஞ்சேனை ஒப்பந்தகாரர்

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை செயினைக் கழுவிப் பார்த்தேன். எண்கள் 300, 52.5, 80, எழுத்து டபிள்யூ. இடப்பக்க ஸ்ப்ரொக்கெட்டின் பற்கள் வளைந்துதான் இருக்கின்றன, இவ்வளவு நாளும் நான் அதைக் கவனிக்கவில்லை. ஆகவே இரண்டு பக்கத்துக்கும் செயினும் ஸ்ப்ரொக்கெட்டும் மாற்றுத் தயாரிப்பில் வாங்கப் போகிறேன்.

பொறியியலாளர் சேர் சொன்னபடி ஹைட்ரோலிக் பில்டரையும் அறுத்து வெள்ளைத் துணியில் விரித்தேன். கடதாசி கிழியவில்லை. ஆனால் நான்கைந்து மின்னும் துகள்கள் இருந்தன. காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனேன், ஒன்றும் ஒட்டவில்லை. இதற்காக நான் பயப்பட வேண்டுமா?

தெஹிவளைப் பராமரிப்புப் பொறியியலாளர்

காந்தத்தில் ஒட்டாதது இரும்பு அல்ல. வெண்கலமாக இருக்கலாம், அலுமினியமாகவும் இருக்கலாம். நான்கைந்து துகளை வைத்துப் பம்பைக் கழற்றச் சொல்ல மாட்டேன். அசல் பில்டர் ஒன்றைப் போடுங்கள், ஒயிலையும் மாற்றுங்கள், பக்கெட் வேலை மட்டும் செய்து ஐம்பது மணித்தியாலம் ஓட்டிவிட்டு மறுபடியும் அறுத்துப் பாருங்கள். துகள் கூடியிருந்தால் பம்பைக் கழற்றுவோம். அதுவரை சொந்தப் பிரேக்கரும் வேண்டாம், வாடகைப் பிரேக்கரும் வேண்டாம்.

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடை

தம்பி, பில்டரை அசலாகவே எடுங்கள்; என் கடையில் இல்லாவிட்டால் எங்கே இருக்கிறது என்று கேட்டுச் சொல்கிறேன். ஸ்ப்ரொக்கெட்டுக்கு வரும்போது பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டு வாருங்கள். போல்ட் துளைகளின் இடைவெளியை இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்த பிறகு பணம் தந்தால் போதும்.