கையில் இருந்தது மூக்குக்கண்ணாடிப் பெட்டி, கேமரா சொல்வது செல்போன்: எப்படி மறுப்பது?

கேட்டவர்:
வணக்கம். வண்டி ஓட்டும்போது கையில் செல்போன் வைத்திருந்ததாக அபராத நோட்டீஸ் வந்திருக்கிறது. சாலையோர ஏஐ கேமரா உயரத்திலிருந்து முன்கண்ணாடி வழியாக எடுத்த படம். கையில் கறுப்பாக, நீளமாக ஒன்று தெரிகிறது. அது என் மூக்குக்கண்ணாடிப் பெட்டி. வெயில் கண்ணில் அடித்ததால் எடுத்தேன்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது வேறொன்று உறுத்தியது. பக்கத்து இருக்கையில் சிகிச்சை முடிந்து திரும்பும் அம்மா, தலைத்துண்டு நழுவியது தெரியாமல் தூங்குகிறார். முடி கொட்டிய தலையோடு உறவினர் முன்னால்கூட வராதவர். அபராதத்தை எப்படி மறுப்பது? இந்தப் படம் யார் யாரிடம் போகும்?

கதிர்:
அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடாதீர்கள். பல இடங்களில் கட்டினாலே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். மறுப்புக்குக் கடைசித் தேதி என்ன என்று பாருங்கள். அப்புறம் மூலப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். நோட்டீஸில் இருப்பது சுருக்கிய பிரதியாக இருந்தால் பெட்டியின் கீல், மூடி விளிம்பு எல்லாம் கரைந்துபோயிருக்கும். அதே பெட்டியை அதே இருக்கையில் பிடித்தபடி, மேலிருந்து ஒரு படம் எடுத்து இணையுங்கள்.

கேட்டவர்:
அந்த நேரத்தில் நான் யாரிடமும் பேசவில்லை என்று கால் ரெக்கார்டு கொடுத்தால் போதாதா?

கதிர்:
போதாது. பல நாடுகளில் போனைக் கையில் பிடித்தாலே தவறு, பேசியிருக்க வேண்டியதில்லை. துணைச் சான்றாக வேண்டுமானால் அந்தச் சில நிமிடங்களை மட்டும் கொடுங்கள். மாதம் முழுக்க யாரிடம் பேசினீர்கள் என்பது அவர்களுக்கு எதற்கு?

பிம்பம்:
படங்களை அடையாளம் காணும் மென்பொருளில்தான் எனக்கு வேலை. அதற்குப் போன் என்றால் என்னவென்று தெரியாது. மடங்கிய கை, விரல்களுக்கு நடுவே ஒரு செவ்வகம். பயிற்சியில் பார்த்த படங்களோடு இது எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மதிப்பெண் போடும், அவ்வளவுதான். மதிப்பெண் கூடினால் படம் மனிதர் பார்வைக்குப் போகும்.

அந்த மனிதரும் தவறலாம். நெதர்லாந்தில் செய்தியான ஒரு சம்பவத்தில் ஓட்டுநர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார், கையில் எதுவுமே இல்லை. 380 யூரோ அபராதம் வந்தது. அங்கே ஒருவர் படத்தைச் சரிபார்த்த பிறகுதான் அபராதம் போகும். 'போன்' என்று குறித்து வரும் படத்தில் கண்ணுக்கும் போன்தான் தெரியும். எனவே குறிப்பு ஏதும் இல்லாத படத்தை வேறொருவர் புதிதாகப் பார்க்க வேண்டும் என்று மறுப்பிலேயே கேளுங்கள்.

நிலா:
அம்மா விஷயத்துக்குத் தனிக் கடிதம் எழுதுங்கள். மறுப்போடு கலந்தால் அது காணாமல் போய்விடும். படத்தை எத்தனை நாள் வைத்திருப்பார்கள், யார் பார்த்தார்கள், கேமராவை நடத்தும் நிறுவனத்திடம் பிரதி உண்டா, மென்பொருள் பயிற்சிக்குப் போகிறதா, பயணியின் முகத்தை மறைப்பார்களா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

எதற்காக எடுக்கிறார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் போனைப் பிடிக்கத்தான் இந்தக் கேமராக்கள் வந்தன, 2020 மார்ச்சில் அபராதம் தொடங்கியது. 2024 ஜூலையிலிருந்து அதே கேமராக்கள் சீட் பெல்ட்டையும் பார்க்கின்றன. உயிர் காக்கும் வேலை, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அடுத்து எதைப் பார்க்கும் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். தயவுசெய்து அந்தப் படத்தை இங்கே போடாதீர்கள்.

கேட்டவர்:
மூலப் படம் இன்று வந்தது. கீல் தெளிவாகத் தெரிகிறது, மறுப்பை அனுப்பிவிட்டேன். அம்மாவுக்கான கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். தானே கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.