40 மீட்டரில் விஸ்பர் போகிறது, 20 மீட்டரில் ஒரு ஸ்பாட் கூட இல்லை (200 மில்லிவாட், திருச்சி)

மாடிக்கம்பி (திருச்சி):
வணக்கம். நானே கட்டிய விஸ்பர் (WSPR, மிகக் குறைந்த பவரில் சிக்னல் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்கும் அமெச்சூர் ரேடியோ முறை) டிரான்ஸ்மிட்டர் ஒன்று மொட்டைமாடியில் ஓடுகிறது. கேட்கும் நிலையங்கள் இணையத்தில் போடும் பதிவுதான் ஸ்பாட். ஆர்டுயினோ நேனோ, ஃப்ரீக்வென்சியை உருவாக்கும் எஸ்ஐ5351 மாட்யூல், கடைசிக் கட்டத்தில் பவரைக் கூட்ட மூன்று பிஎஸ்170 டிரான்சிஸ்டர் பேரலலாக. பவர் 200 மில்லிவாட், அதாவது 23 டிபிஎம். நேரம் ஜிபிஎஸ்ஸிலிருந்து வருகிறது. 12 வோல்ட் பேட்டரியில் ஓடுவதால் கரண்ட் போனாலும் நிற்காது.

ஆன்டெனா இன்வெர்ட்டட் வீ. ஒரே கோஆக்ஸ் கேபிளில் 40 மீட்டர் பேண்டுக்கு (7 மெகாஹெர்ட்ஸ்) ஒரு ஜோடி கம்பி, 20 மீட்டர் பேண்டுக்குப் (14 மெகாஹெர்ட்ஸ்) பக்கத்துக்கு 5 மீட்டர் வீதம் ஒரு ஜோடி. ராத்திரி 40-இல் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரை வரை கேட்கிறது, 6,000 கி.மீ.க்கு மேல். காலையில் ஸ்பாட் பட்டியலைப் பார்க்காமல் காபி இறங்குவதில்லை. ஆனால் பகலில் 20-க்கு மாற்றினால் பட்டியல் காலி. எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா பொருத்தத்தைக் காட்டும் அளவு, 1-க்கு அருகில் இருந்தால் நல்லது) 1.4 தான் காட்டுகிறது. கம்பியை நீட்டியும் குறைத்தும் பார்த்துவிட்டேன். பக்கத்தில் வாட்டர் டேங்க் இருப்பதாலா? துணிக்கொடி இரும்புக் கம்பி என்பதாலா? இடம் மாற்றலாமா?

சேலம் கீயர்:
ஓஎம் (நண்பரே), 20-க்கு மாற்றும்போது லோ பாஸ் ஃபில்டரையும் (மேல் ஃப்ரீக்வென்சிகளைத் தடுப்பது) மாற்றுகிறீர்களா? 40 மீட்டர் ஃபில்டர் 14 மெகாஹெர்ட்ஸை விழுங்கிவிடும். அப்புறம் நேரம். இரட்டைப்படை நிமிடம் தொடங்கி ஒரு விநாடியில் கிளம்ப வேண்டும், இரண்டு விநாடி பிசகினாலே டீகோட் ஆவது (கேட்கும் கம்ப்யூட்டர் சிக்னலைப் படித்தெடுப்பது) கஷ்டம். நம் நேரத்துக்கும் யூடிசிக்கும் (உலகப் பொது நேரம்) ஐந்தரை மணி வித்தியாசம். 30 இரட்டைப்படை என்பதால் அதில் குழப்பம் வராது.

மாடிக்கம்பி:
ஃபில்டர் தனித்தனி, கழற்றி மாட்டுகிறேன். டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் ரெசிஸ்டர்) 20-இலும் 200 மில்லிவாட் வருகிறது.

ஓசூர் ஹோம்ப்ரூ:
கம்பியை இனி தொடாதீர்கள். ஆன்டெனா சரியாக இருக்கிறது என்றே நினைக்கிறேன். நேரமும் சரிதான், அதே கடிகாரம்தானே 40-இலும் ஓடுகிறது?

ராத்திரி வந்த ஸ்பாட்களில் ஃப்ரீக்வென்சி, ட்ரிஃப்ட் (அனுப்பும்போதே ஃப்ரீக்வென்சி நகரும் அளவு) என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். தூரத்தைப் பார்க்கும் சந்தோஷத்தில் அவற்றை யாரும் பார்ப்பதில்லை. அந்த இரண்டு எண்களையும் இங்கே போடுங்கள். ஆர்டுயினோ புரோகிராம் கோடில் எந்த ஃப்ரீக்வென்சி கொடுத்திருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

மாடிக்கம்பி:
கோடில் இரண்டு பேண்டிலும் நடு மத்தி: 7.040100, 14.097100 மெகாஹெர்ட்ஸ். ஸ்பாட்களில் 7.040168 பக்கம் வருகிறது. ட்ரிஃப்ட் பெரும்பாலும் −1, சிலவற்றில் −2.

ஓசூர் ஹோம்ப்ரூ:
விடை அதிலேயே இருக்கிறது. விஸ்பருக்கு ஒவ்வொரு பேண்டிலும் 200 ஹெர்ட்ஸ் அகலம்தான் இடம். மத்தியிலிருந்து மேலே 100, கீழே 100. நீங்கள் 40-இல் 68 ஹெர்ட்ஸ் மேலே இருக்கிறீர்கள். ஏழு மெகாஹெர்ட்ஸில் 68 என்றால் ஏறக்குறைய 9.7 பிபிஎம் (பத்து லட்சத்தில் 9.7 பங்கு). அதே கிரிஸ்டல், அதே பிழை. 14-இல் இரட்டிப்பாகி 136 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். அதாவது 14.097236. ஜன்னல் 14.097200-இல் முடிகிறது. உங்கள் சிக்னல் உலகம் முழுக்கப் போயிருக்கலாம், கேட்கும் கம்ப்யூட்டர்கள் அந்த இடத்தில் தேடவே இல்லை.

மலிவு மாட்யூல்களில் இந்த அளவு விலகல் சகஜம். கோடில் கிரிஸ்டல் மதிப்பு 25000000 என்று இருக்கும்; அதை 25000242 ஆக்கி ஏற்றுங்கள். எஸ்ஐ5351 கொடுக்கும் எல்லா ஃப்ரீக்வென்சியும் அதிலிருந்தே பிறப்பதால் இரண்டு பேண்டும் ஒரே திருத்தத்தில் நேராகும்.

மாடிக்கம்பி:
சார், ஏற்றினேன். காலை ஏழு மணிக்கு 20-இல் வரிசையாக ஸ்பாட், ஐரோப்பாவிலிருந்தும்! கை கால் ஓடவில்லை. ஆனால் பத்து மணிக்கு மேல் குறைந்து, மதியம் மறுபடி காலி. பேண்ட் மூடிவிட்டதா?

ஓசூர் ஹோம்ப்ரூ:
அருமை! மதியத்துக்கு பேண்டைக் குறை சொல்லுமுன் ஒரு சோதனை. வீட்டுக்குள் ரிசீவரை ஆன்டெனா இல்லாமல் வைத்து, டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸை (விஸ்பரை டீகோட் செய்யும் மென்பொருள்) ஓடவிடுங்கள். மாடியில் இருப்பது இருபதடி தூரம், அதுவே போதுமான பலத்தில் கேட்கும். அங்கேயும் டீகோட் ஆகவில்லை என்றால் குற்றம் வானத்தில் இல்லை. வாட்டர்ஃபாலில் (நேரத்தோடு ஃப்ரீக்வென்சியைக் காட்டும் படம்) சிக்னல் கோடு எப்படி விழுகிறது என்றும் பாருங்கள்.

மாடிக்கம்பி:
டீகோட் ஆகவில்லை. கோடு நேராக இல்லாமல் கீழே வளைந்துகொண்டே போகிறது, 110 விநாடியில் பத்துப் பன்னிரண்டு ஹெர்ட்ஸ். நடுநடுவே நெளிவும் இருக்கிறது. காற்று அடிக்கும்போது நெளிவு அதிகம்.

நாகர்கோவில் வானொலி:
இது எனக்குப் பழகிய கோடு. பிஎஸ்170 மூன்றும் கிரிஸ்டலுக்கு எவ்வளவு தள்ளி இருக்கின்றன? பெட்டி வெயிலிலா?

மாடிக்கம்பி:
ஒரே போர்டில், விரல் அகலம் தள்ளி. பெட்டி வெயிலில்தான், அடியில் காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்டிருக்கிறேன்.

நாகர்கோவில் வானொலி:
அந்த ஓட்டைதான் நெளிவு. விஸ்பரின் நான்கு டோன்களுக்கு நடுவே இடைவெளி ஒன்றரை ஹெர்ட்ஸ் கூட இல்லை. கிரிஸ்டல் மேல் காற்றுப் பட்டாலே டோன் பக்கத்து இடத்துக்குப் போய்விடும். நேராகச் சரிந்தால் ஓரளவு வரை டீகோடர் பொறுத்துக்கொள்ளும். நெளிந்தால் பொறுக்காது. ராத்திரி 40-இல் குளிர், அதோடு சரிவும் பாதி, அதனால் தப்பித்தது.

எஸ்ஐ5351 மாட்யூலைத் தனியாக எடுத்து, பிஎஸ்170-களை ஒரு சாண் ஒயருக்கு அப்பால் வையுங்கள். மாட்யூலைச் சுற்றித் தெர்மோகோலில் சின்னக் கூடு கட்டுங்கள். பெட்டியை டேங்கின் நிழலுக்குத் தள்ளுங்கள். இன்னொன்று, எஸ்ஐ5351-இல் மூன்று அவுட்புட் உண்டு. அனுப்பாத நேரத்தில் பயன்படாத ஒன்றை ஓடவிட்டால் சிப் ஆறிப்போகாது. ஒவ்வொரு முறையும் புதிதாகச் சூடேறும் சரிவு குறையும்.

மாடிக்கம்பி:
எல்லாம் செய்தாயிற்று. உச்சி வெயிலிலும் கோடு ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக விழுகிறது. 20-இல் ட்ரிஃப்ட் 0, எப்போதாவது −1. மதியத்திலும் ஸ்பாட் வருகிறது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அடுத்து 10 மீட்டர் ஃபில்டர் சுற்றலாம் என்றிருக்கிறேன். 73 (வாழ்த்துகள்).

ஓசூர் ஹோம்ப்ரூ:
தாராளமாக. ஆனால் 28 மெகாஹெர்ட்ஸில் சரிவு 40 மீட்டரைப் போல நான்கு மடங்கு. தெர்மோகோல் கூடு அங்கே எல்லா நாளும் தாங்காது. டிசிஎக்ஸ்ஓ (வெப்பம் மாறினாலும் ஃப்ரீக்வென்சியைத் தானே ஈடுசெய்யும் கிரிஸ்டல் ஆசிலேட்டர்) வைத்த எஸ்ஐ5351 மாட்யூல் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். முதல் நாள் வீட்டு ரிசீவரில் கோட்டைப் பார்த்துவிட்டு அப்புறம் மாடிக்குக் கொண்டுபோங்கள். 73.